டெலவேரின் ஒற்றை வாக்கு: 1801 பிப்ரவரியில் ஜேம்ஸ் பேயார்டுக்கு முன்னிருந்த வழிகள்

அமெரிக்க அரசியலமைப்பின் தொடக்கக்கால விதிப்படி, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஆனால் எது குடியரசுத் தலைவருக்கு, எது துணைத் தலைவருக்கு என்று பிரித்துக் காட்டும் வசதி வாக்குச்சீட்டில் இல்லை. இந்த ஓட்டையின் விளைவு 1800 தேர்தலில் வெளிப்பட்டது. ரிபப்ளிகன் கட்சி (இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு) தலைவர் பதவிக்கு நிறுத்திய தாமஸ் ஜெபர்சனும், துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்திய ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றார்கள். பதவியில் இருந்த ஜான் ஆடம்ஸ் 65 வாக்குகளோடு தோற்றுப்போனார். சமநிலை ஏற்பட்டால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே உறுப்பினர் தலைக்கு ஒரு வாக்கு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு வாக்குதான். அப்போது 16 மாநிலங்கள் இருந்தன. வெல்ல 9 வேண்டும்.

சபையோ 1798–99இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய சபை. உறுப்பினர் எண்ணிக்கையில் அங்கே தோற்றுப்போன ஃபெடரலிஸ்ட் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆகவே எதிர்க்கட்சியின் இரண்டு பேரில் யார் நாட்டை ஆள்வது என்பதைத் தோற்ற கட்சி தீர்மானிக்க வேண்டிய விசித்திர நிலை உருவாயிற்று. அந்தக் கட்சிக்குள்ளும் ஒரு மாநிலத்தின் முழு வாக்கையும் தனியொருவராகக் கையில் வைத்திருந்தவர் ஜேம்ஸ் ஆஷ்டன் பேயார்ட். டெலவேருக்குச் சபையில் ஒரே இடம்தான் உண்டு என்பதால், அவர் எழுதும் பெயரே டெலவேர் எழுதும் பெயர்.

பேயார்ட் 1767இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தந்தையின் சகோதரர் வீட்டில் வளர்ந்தார். பிரின்ஸ்டனில் 1784இல் பட்டம் பெற்று, பிலடெல்பியா வழக்கறிஞர்களிடம் சட்டம் பயின்று, 1787இல் டெலவேரின் வில்மிங்டனில் தொழிலைத் தொடங்கினார். அம்மாநிலத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாசெட்டின் மகளை மணந்தார். 1797இல் சபைக்கு வந்த அவர், செனட்டர் வில்லியம் பிளவுன்ட்டின் மீதான பதவிநீக்க வழக்கைச் சபையின் சார்பில் நடத்தியவர்களுள் ஒருவர். இழுபறி நடந்தபோது அவருக்கு வயது 33. இந்த வயதையும் தொழிலையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் அவர் எடுத்த முடிவில் கட்சிக்காரரைவிட வழக்கறிஞரே அதிகம் தெரிகிறார்.

வாக்கெடுப்பு பிப்ரவரி 11, புதன்கிழமை தொடங்கியது. வாஷிங்டன் நகரம் தலைநகராகி ஓராண்டுகூட ஆகவில்லை. கேப்பிட்டல் கட்டடத்தின் வடக்குப் பகுதி மட்டுமே எழும்பியிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சன் கடுங்காய்ச்சலோடு பனியில் தூக்கிவரப்பட்டு, சபையை ஒட்டிய அறையொன்றில் படுக்கவைக்கப்பட்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவர் மனைவி துணையிருக்க, படுத்த படுக்கையிலேயே ஜெபர்சன் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் வராமல் போயிருந்தால் நான்குக்கு நான்கு என்று பிளவுபட்டிருந்த மேரிலாந்து பர் பக்கம் சாய்ந்திருக்கும். முதல் சுற்றின் முடிவு: ஜெபர்சனுக்கு 8 மாநிலங்கள், பர்ருக்கு 6, பிளவுபட்டவை 2. மறுநாள் காலைவரை விடிய விடிய எண்ணியும் இந்தக் கணக்கு மாறவில்லை. சனிக்கிழமைக்குள் 33 சுற்றுகள் முடிந்திருந்தன. எட்டு, ஆறு, இரண்டு என்பது அப்படியே நின்றது.

இந்த நிலையில் பேயார்டுக்கு முன் நான்கு வழிகள் இருந்தன: பர்ரை வெல்ல வைப்பது, யாரையும் தேர்ந்தெடுக்க விடாமல் ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் மார்ச் 4ஐக் கடத்துவது, நேரடியாக ஜெபர்சனுக்கு வாக்களிப்பது, வாக்களிக்காமலேயே ஜெபர்சனை வெல்ல விடுவது. பள்ளிப் பாடநூல்கள் இவற்றை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. அன்று பேயார்டின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் உருப்படியான காரணம் இருந்தது என்பது விளங்கும்.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். பர் நியூயார்க்கின் திறமையான வழக்கறிஞர். கொள்கைப் பிடிப்பு குறைவு. வணிகர்களோடு பழக்கம் உண்டு. ஃபெடரலிஸ்ட் கட்சியில் பெரும்பாலோர் பர்ரை விரும்பியதற்குக் காரணம் அந்தக் கொள்கையின்மையே. கொள்கை இல்லாதவரோடு பேரம் பேசலாம், நமக்குக் கடன்பட்டவராக அவர் ஆட்சியில் அமர்வார் என்பது அவர்கள் கணக்கு. முதல் 35 சுற்றுகளிலும் பேயார்ட் பர்ருக்கே வாக்களித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையாகப் பார்த்தால் இந்த வழி எட்டாத தொலைவில் இருக்கவில்லை. பர்ரிடம் இருந்த 6 மாநிலங்களோடு இன்னும் மூன்று வேண்டும். வெர்மான்ட்டில் இருவர், ஆளுக்கொரு பக்கம். மேரிலாந்தில் எட்டுப் பேர், சரிபாதி. நியூ ஜெர்சியில் ஐந்து பேர், மூன்றுக்கு இரண்டு. இந்த மூன்று இடங்களிலும் ஒவ்வோர் ஆள் மாறினால் போதும், ஒன்பது கிடைத்துவிடும். பின்னர் மார்ச் 8ஆம் தேதி கட்சித் தலைவர் ஹாமில்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் பேயார்ட் இதே கணக்கைத்தான் சொல்கிறார்: ஒரு பெரிய மண்டூகத்தை ஏமாற்றி, விலைபோகக்கூடிய இருவருக்கு ஆசை காட்டியிருந்தால் பர் வென்றிருப்பார், அதற்கு பர்ரின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. இந்த வரியை வாசிக்கும்போது, மறுத்தவர் பேயார்ட் அல்லர், பர்தான் என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. பர் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் இருந்தார். போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று உறுதியாகச் சொல்லவுமில்லை, ஃபெடரலிஸ்டுகளோடு பேசி முடிக்கவுமில்லை. ஒரு தரகரை நம்பிப் பந்தலில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து வருகிறோம் என்றும் தகவல் இல்லை, வரவில்லை என்றும் தகவல் இல்லை என்பது போன்ற நிலை.

பர் ஒத்துழைத்திருந்தாலும் இந்த வழி தவறானதே என்பது என் கருத்து. அதற்கான வாதத்தைப் பேயார்டிடம் வலுவாக வைத்தவர் அவர் கட்சியின் தலைவரும், ஜெபர்சனின் முதல் எதிரியுமான அலெக்சாண்டர் ஹாமில்ட்டன். ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதத்தில் அவர் ஜெபர்சனைப் புகழவில்லை. வாய்மையில் அக்கறை குறைந்தவர், இழிந்த பாசாங்குக்காரர் என்றே எழுதுகிறார். அதே மூச்சில், தன் செல்வாக்கைக் குலைக்கும் அளவுக்குத் தன் கொள்கையை முழுதாக நடைமுறைப்படுத்தும் வெறி ஜெபர்சனுக்கு இல்லை, சூழலுக்கேற்ப வளைந்துகொடுப்பார், ஆகவே ஏற்கெனவே நிலைபெற்ற அமைப்புகளை அவர் இடிக்கமாட்டார் என்றும் எழுதுகிறார். பர்ரிடம் அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை என்பது அவர் வாதம். பேரம் பேசலாம் என்ற காரணத்துக்காக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த நாள் வேறொருவரும் அவரோடு பேரம் பேசுவார். எழுதிக் கொடுக்காத, வழக்காட முடியாத வாக்குறுதியை எந்த வழக்கறிஞரும் பிணையாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஒப்புக்காகவேனும் மக்கள் கருத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: தேர்வாளர்களில் ஒருவர்கூட பர்ரைத் தலைவராக நினைத்து வாக்களித்திருக்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. ஆனால் சட்டத்தின் சொற்களுக்குள் அதற்கு ஒரு நிழல் இருந்ததால் வழக்கறிஞர்களை ஈர்த்தது. இழுபறியை மார்ச் 4 வரை நீட்டித்தால் ஆடம்ஸின் காலம் முடிந்து பதவி வெறுமையாகும். 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தலைவரும் துணைத் தலைவரும் இல்லாதபோது செனட்டின் தற்காலிகத் தலைவரும், அவரும் இல்லையென்றால் சபாநாயகரும் பொறுப்பேற்கலாம். செனட்டும் சபையும் ஃபெடரலிஸ்டுகளின் கையில் இருந்தன. இடைக்கால ஆட்சி, பின்பு புதுத் தேர்தல் என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சட்டம் இருப்பவர் இறந்தாலோ விலகினாலோ நீக்கப்பட்டாலோ என்ன செய்வது என்பதற்காக எழுதப்பட்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்புள்ள சபை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்காமல் உட்கார்ந்திருப்பதற்காக எழுதப்படவில்லை. நடைமுறைச் சிக்கல் அதைவிடப் பெரிது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மன்றோவும் பென்சில்வேனியாவில் தாமஸ் மெக்கீனும் ஆளுநர்கள். இருவரும் ஜெபர்சன் பக்கம். இருவர் கையிலும் குடிப்படைகள் இருந்தன. பிப்ரவரி 15ஆம் தேதி மன்றோவுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்சியைச் சட்டம் போட்டுப் பறிக்க முயன்றால் நடு மாநிலங்கள் ஆயுதம் எடுக்கும், அத்தகைய அபகரிப்பை ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டோம் என்று எதிர்த்தரப்பிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டதாக ஜெபர்சன் எழுதுகிறார். இது வெற்று மிரட்டலா என்று இன்று விவாதிக்கலாம். பென்சில்வேனியா எல்லைக்கு அருகிலுள்ள வில்மிங்டனிலிருந்து வந்த ஒருவருக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி இல்லை.

பேயார்டின் முடிவைத் திருப்பியது இந்த இடம்தான் என்பது என் வாசிப்பு. 1800ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெலவேரின் மக்கள்தொகை 64,273. பதினாறு மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. செனட்டில் வர்ஜீனியாவுக்கு இரண்டு இடம், டெலவேருக்கும் இரண்டு இடம். இழுபறியின்போது எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் உள்ள வர்ஜீனியாவுக்கு ஒரு வாக்கு, டெலவேருக்கும் ஒரு வாக்கு. இந்தச் சமத்துவத்தைத் தந்தது அரசியலமைப்பு மட்டுமே. அது உடைந்தால் மாசசூசெட்ஸ் பிழைத்துக்கொள்ளும், டெலவேர் பிழைக்காது. பிப்ரவரி 19ஆம் தேதி ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் பேயார்ட் இதையே சொல்கிறார்: தன்னைத் தற்காத்துக்கொள்ள எந்த வளமும் இல்லாத மிகச் சிறிய மாநிலத்தின் பிரதிநிதி என்ற முறையில், அதன் இருப்புக்கே ஆதாரமான அரசியலமைப்பைப் பணயம் வைக்க முடியாத கடமை எனக்கு இருந்தது என்பது அதன் சாரம். வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஃபெடரலிஸ்டுகள் கடைசிவரை பிடிவாதமாக இருந்ததற்கும், பேயார்ட் இறங்கிவந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குணத்தில் தேடுவதைவிட நிலப்படத்தில் தேடுவது பயன் தரும்.

எனவே ஜெபர்சன் வெல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் எப்படி? மூன்றாவது வழி நேரானது. அடுத்த சுற்றில் டெலவேர் ஜெபர்சன் பெயரை எழுதினால் எட்டு ஒன்பதாகும், யாருடைய உதவியும் தேவையில்லை, கதை முடிந்தது. இதன் விலை, பேயார்ட் தன் கட்சியைத் தனியாளாகக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமப்பது. தான் மாறப்போவதாகக் கட்சிக் கூட்டத்தில் அவர் அறிவித்தபோதே கூச்சல் பெரிதாக எழுந்தது. துரோகி என்ற சொல் பறந்தது. பர்ரிடமிருந்து கடிதம் வரும், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சியவர்களுக்காக அவர் சற்றுக் காத்திருந்தார். வந்த கடிதங்களில் பேரத்துக்கு இடமில்லை.

நான்காவது வழி வெற்றுச்சீட்டு. இங்கே பலர் தடுமாறும் ஒரு நுணுக்கம் உண்டு. டெலவேர் வெற்றுச்சீட்டு போட்டால் தேவையான பெரும்பான்மை குறைந்து எட்டு மாநிலங்களே போதும் என்று எண்ணுவது தவறு. வாக்களித்த மாநிலங்களின் பெரும்பான்மை போதாது, எல்லா மாநிலங்களின் பெரும்பான்மை வேண்டும் என்பது அரசியலமைப்பின் வாசகம். டெலவேர் மட்டும் ஒதுங்கினால் ஜெபர்சன் எட்டிலேயே நிற்பார், இழுபறி தொடரும். ஆகவே இந்த வழிக்குப் பங்காளிகள் வேண்டும். வெர்மான்ட்டின் லூயிஸ் மோரிஸ், மேரிலாந்தின் ஜார்ஜ் பேர், வில்லியம் கிரேக் ஆகியோரோடு பேயார்ட் முன்பே ஓர் உடன்பாட்டில் இருந்தார். இவர்களும் தத்தம் மாநிலத்தின் முடிவைத் திருப்பக்கூடியவர்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, 36ஆம் சுற்றில் இது நடந்தது. மோரிஸ் அவையை விட்டு விலகியிருந்தார். எஞ்சிய மேத்யூ லயனின் வாக்கால் வெர்மான்ட் ஜெபர்சனுக்குப் போயிற்று. மேரிலாந்தின் நான்கு ஃபெடரலிஸ்டுகள் வெற்றுச்சீட்டு போட, மற்ற நால்வரின் வாக்கால் அந்த மாநிலமும் போயிற்று. டெலவேரும் தென் கரோலினாவும் வெற்றுச்சீட்டு போட்டன. ஜெபர்சனுக்கு 10, பர்ருக்கு 4. வெர்மான்ட், மேரிலாந்து இரண்டில் எது ஒன்று மாறியிருந்தாலும் போதும் என்பதால், டெலவேரின் வெற்றுச்சீட்டு கணக்குப்படி எதையும் செய்யவில்லை. மற்றவர்களை நகர்த்தியது பேயார்டின் அறிவிப்புத்தான். நீங்கள் ஒதுங்காவிட்டால் நான் ஜெபர்சன் பெயரையே எழுதுவேன் என்ற மூன்றாம் வழி பின்னால் நின்றதால் மட்டுமே நான்காம் வழி வேலை செய்தது.

இதனால் கிடைத்த இலாபம், ஃபெடரலிஸ்ட் கட்சியில் யாரும் ஜெபர்சனுக்கு வாக்களிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. நட்டமும் அதுவே. மறுநாள் தன் கட்சித் தோழர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் ஜெபர்சன், இவர்கள் நம் பக்கம் வந்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதைப் போர் அறிவிப்பாகவே கொள்கிறோம் என்கிறார். நேராக வாக்களித்திருந்தால் பேயார்டுக்குக் கொஞ்சம் நன்றியாவது மிஞ்சியிருக்கும். ஒதுங்கியதால் அதுவும் மிஞ்சவில்லை. இருந்தும் நான்காம் வழியையே சிறந்ததாகக் கொள்கிறேன். நாட்டுக்கு இரண்டு வழிகளும் ஒரே பலனைத்தான் தந்திருக்கும்; தோற்ற கட்சி மானத்தோடு பின்வாங்க ஒரு வாசலைத் திறந்தது வெற்றுச்சீட்டு மட்டுமே. என் குறை அதன் தாமதத்தில்தான். முதல் நாள் இரவிலேயே தெரிந்திருந்த கணக்கை உறுதிசெய்ய ஆறு நாள்களும் இரண்டு ஆளுநர்களின் படைத் தயாரிப்பும் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதுவே இந்த முடிவின் சர்ச்சைக்குரிய பகுதி. இறங்கிவருவதற்கு முன் பேயார்ட் மூன்று விஷயங்களில் உறுதி தேடினார்: அரசின் பொதுக்கடன் மதிக்கப்பட வேண்டும், கடற்படை காக்கப்பட வேண்டும், கொள்கை வகுக்காத கீழ்நிலை அலுவலர்களைக் கட்சி பார்த்து நீக்கக் கூடாது. முதலில் வர்ஜீனியாவின் ஜான் நிக்கலஸிடம் கேட்டார். கோரிக்கை நியாயமே என்றார் அவர், ஆனால் ஜெபர்சனிடம் போய்க் கேட்க மறுத்தார். அடுத்து மேரிலாந்தின் சாமுவேல் ஸ்மித்திடம் கேட்டார். அலுவலர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்று இரண்டு பெயர்களையும் கொடுத்தார்: பிலடெல்பியா துறைமுகச் சுங்க அதிகாரி ஜார்ஜ் லாட்டிமர், வில்மிங்டன் சுங்க அதிகாரி ஆலன் மெக்லேன். ஸ்மித் மறுநாள் வந்து, ஜெபர்சனிடம் பேசினேன், கவலை வேண்டாம் என்றார். 1806இல் சத்தியப்பிரமாண வாக்குமூலத்தில் பேயார்ட் இதை விவரித்தார். ஜெபர்சன் அதே ஆண்டு தம் தனிக் குறிப்புகளில் இதை அடியோடு மறுத்தார். ஸ்மித்தோ, ஜெபர்சனின் பொதுவான கருத்தைத்தான் கேட்டுச் சொன்னேன், எதற்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை என்ற அளவில் நின்றார். மூவரும் பொய் சொல்லாமலே மூன்று கதைகளும் உண்மையாக இருக்க இடமுண்டு. தரகர் வழிப் பேச்சின் வசதியே அதுதானே.

பேரம் என்ற அளவில் இது நன்றாக எழுதப்பட்ட ஒப்பந்தம் அல்ல. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த பிப்ரவரி 13ஆம் தேதியே ஆடம்ஸ் புதிய நீதித்துறைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி உருவான நீதிபதிப் பதவிகளில் ஒன்று பேயார்டின் மாமனார் பாசெட்டுக்குக் கிடைத்தது. கேட்ட மூன்று விஷயங்களில் நீதிமன்றம் இல்லை. நீதிபதிப் பதவி ஆயுட்காலத்துக்கானது, அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் நினைத்திருக்கக்கூடும். 1802இல் ஜெபர்சன் கட்சி அந்தச் சட்டத்தையே நீக்கிப் பதவிகளை இல்லாமல் ஆக்கியது. சபையில் அதை எதிர்த்து நீண்ட உரையாற்றியவர் பேயார்டே.

தனக்கென்று எதுவும் வாங்கவில்லை என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஆடம்ஸ் அவரைப் பிரான்சுக்குத் தூதராக நியமித்தபோது, அதை ஏற்றால் புதிய ஆட்சியின் கீழ்ப் பதவியில் தொடர வேண்டியிருக்கும், வாக்குக்குக் கூலி என்று பேச்சு வரும் என்பதால் மறுத்துவிட்டார். 1802 தேர்தலில் ஜெபர்சனே தூண்டி நிறுத்திய சீசர் ராட்னியிடம் 15 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1804இல் செனட்டுக்குப் போய், 1812இல் பிரிட்டனோடு போரை எதிர்த்து வாக்களித்து, பிறகு அந்தப் போரை முடிக்கும் கென்ட் உடன்படிக்கைக் குழுவில் ஒருவராகச் சென்று 1814 டிசம்பர் 24இல் கையெழுத்திட்டு, நோயாளியாக வில்மிங்டன் திரும்பி, 1815 ஆகஸ்டில் இறந்தார். ஆலன் மெக்லேன் என்ற சுங்க அதிகாரியோ, ஒப்பந்தமே நடக்கவில்லை என்று சொன்ன ஜெபர்சனின் இரு ஆட்சிக்காலத்திலும், அவருக்குப் பின் வந்தவர்களின் காலத்திலும், 1829இல் சாகும்வரை வில்மிங்டன் துறைமுகத்தின் அதே நாற்காலியில் இருந்தார்.